ஒழுகாத கூரை

சொட்.

அவ்வளவுதான் அந்த ஓசை. நிறைந்த பாத்திரத்தில் ஒற்றைத் துளி விழுவதுபோல. தென்காசியில் செங்கோட்டைப் பேருந்துக்காகக் கூட்டத்தோடு நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் சட்டைப்பையிலிருந்து அது கேட்கிறது. அவர் போனை எடுக்கிறார், பார்க்கிறார், லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். நான் அண்ணாந்து நிழற்கூரையைப் பார்க்கிறேன். வெயில் அடிக்கிற நாளிலும் பார்க்கிறேன். கழுத்துக்குச் சொன்னால் புரிவதில்லை.

புதிய அப்டேட் ஏறிய போன்களில் செய்தி வந்தால் இப்போது இப்படித்தான் ஒலிக்கிறது. எங்கோ குளிரூட்டிய அறையில் யாரோ உட்கார்ந்து, கேட்பவருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு துளியைத் தேர்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனி பிறந்தால் ஆவணி வரை சாரல் விழுகிற ஊரில், ஓட்டுக்கூரைக்குக் கீழே நின்று சமைக்கிற ஒரு பெண்ணை அவர்கள் நினைத்திருக்க வழியில்லை.

அந்தப் பெண் என் அக்கா.

அத்தான் இறந்தபிறகும் அவள் குற்றாலத்திலேயே தனியாக இருந்தாள். பழைய அருவிக்குப் போகிற சாலையில் வீடு. மாடியில் இரண்டு அறைகள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவாள். கீழே அவளும், பின்பக்கம் ஓடு வேய்ந்த அடுக்களையும். அறைக்கு வந்து போனவர்கள் மறுவருடம் சாத்தூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போன் செய்வார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: தண்ணீர் விழுகிறதா? அக்கா போனைக் காதில் வைத்தபடியே கொல்லைக்குப் போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு, "விழுது, வாங்க" என்பாள். இல்லாவிட்டால், "கல்லுதான் தெரியுதுன்னு சொல்லுதாங்க, ரெண்டு நா கழிச்சு வாங்க" என்பாள். "சொல்லுதாங்க" என்றுதான் சொல்லுவாள். ஏனென்றால் அவளால் அருவியைப் பார்க்க முடியாது.

சில ஆண்டுகளாகவே கண்ணின் நடுப்பார்வை கரைந்துகொண்டு வந்தது. மதுரையில் காட்டினோம், ஊசி போட்டோம், கரைவது மெதுவானதே தவிர நிற்கவில்லை. எதிரே நிற்பவரைப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் மேகம். உலகம் அதைச் சுற்றித்தான். "உன் ரெண்டு காதும் நல்லாத் தெரியுது லே, மூஞ்சியத்தான் காணும். ஒருவகையில நல்லதுதான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தென்காசியிலிருந்து நான் போய்விடுவேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. அவள் வீட்டில் மட்டும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் முழுக்கக் கிடந்து உறங்குவேன்.

சென்னையில் இருக்கிற அவள் மகன், என் மருமகன், அம்மாவைத் தனியே விடச் சம்மதித்தது ஒரே ஒரு ஏற்பாட்டின் பேரில். காலையில் அவன் கூப்பிடுவான், அவள் எடுக்க வேண்டும். என்ன பேசுகிறார்கள் என்பது முக்கியமில்லை. "எந்திச்சிட்டியாம்மா?" "எந்திச்சிட்டேன்யா." போதும். அந்தப் பதில் வந்தால் அன்றைக்கு அவள் குற்றாலத்தில் இருக்கலாம். அதற்காகத்தான் அவன் போன் வாங்கிக் கொடுத்தான். அவளைக் கொல்லைக் கிணற்றடியில் உட்காரவைத்து, அவள் கட்டைவிரலைத் தன் கையில் பிடித்துப் பழக்கினான். "மணி அடிச்சா, கீழேருந்து மேல ஒரே இழு. வாளி இழுக்கியே, அந்த மாதிரி." அதை விரல் பிடித்துக்கொண்டது. கண் இல்லாமலே அந்த வாளி தினமும் மேலே வந்தது.

அப்டேட் ஏறுவதற்கு முந்தின வாரம் இருவருக்கும் வாக்குவாதம். கூட வந்துவிடு என்று அவன் திரும்பவும் கேட்டிருக்கிறான். "ஒரு நா விழுந்து கெடந்தா யாரும்மா பாப்பா?" இவளுக்கு நாக்கு எப்போதும் காந்தல். "நீ பாக்க மாட்டே, அது தெரியும். அங்கன இருந்துக்கிட்டு போன்லதான பாப்பே" என்றாளாம். அவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் காலை வழக்கம்போலக் கூப்பிட்டான், இவளும் எடுத்தாள், ஒன்றும் நடக்காததுபோலப் பேசினார்கள். ஆனால் அந்தச் சொல் அவனுக்குள் கிடந்தது.

அப்டேட் எப்படி ஏறியது என்பதை அவளே பிற்பாடு சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் கையில் அதிர்ந்திருக்கிறது. தண்ணீர் கேட்கிற யாரோதான் என்று நினைத்து, வாளியை இழுத்து, இழுத்த இடத்தில் அழுத்தி, காதில் வைத்து, "ஆமா, நல்லா விழுது, வாங்க" என்றிருக்கிறாள். "அந்தப் பக்கம் ஒரு வார்த்தை இல்லலே. மரியாதை தெரியாத பயன்னு வச்சிட்டேன்." திரையில் வந்திருந்தது இப்போதே நிறுவலாமா என்ற கேள்வி. அதற்குத்தான் அவள் வரச்சொல்லிவிட்டாள்.

அது வந்துவிட்டது.

மறுநாள் காலை போனில் நாதஸ்வரம் அடித்தது. மகன் கூப்பிட்டால் அடிப்பதற்கென்று அவன் வைத்துக் கொடுத்தது. அக்கா விரலைக் கீழேயிருந்து மேலே இழுத்தாள். நாதஸ்வரம் நிற்கவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் எது வேலை செய்யாவிட்டாலும் காரணம் ஒன்றுதான்: நமுத்துப்போச்சு. தீப்பெட்டி நமுக்கும், உப்பு கசியும், சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்னும். போனும் நமுத்துவிட்டது என்று நினைத்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்ததும் நாதஸ்வரம் நின்றது.

புதிய முறையில் அழைப்பை எடுக்க வலப்பக்கம் தள்ள வேண்டும். இடப்பக்கம் தள்ளினால் துண்டிப்பு. அக்காவின் கை துடைப்பது வலமிருந்து இடம்.

அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடி துடைத்தாள். ஒவ்வொரு முறையும் மணி அடிக்க, இழுக்க, துடைக்க, நிற்க. போன் நன்றாகக் காயட்டும் என்று அடுப்புக்கு மேலேயுள்ள பலகையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். மணி அடித்தால் மட்டும் வந்து துடைத்துவிட்டுப் போனாள். மாடியில் அன்றைக்கு ஆள் இல்லை. வெளியே சாரல் நூல்நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் மருமகன் என்னைக் கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது.

"மாமா, அம்மா கட் பண்ணிக்கிட்டே இருக்கா."

"குளிக்கப் போயிருப்பாடா."

"எடுக்காம இல்ல மாமா. கட் பண்ணுதா. மணி போகுது, கட் ஆகுது. காலைல இருந்து."

அந்த வித்தியாசம் எனக்கு உடனே புரியவில்லை. எடுக்காத அம்மாவைப் பற்றி விழுந்திருப்பாளோ என்று பயப்படலாம். வெட்டி வெட்டி விடுகிற அம்மாவைப் பற்றி? அவன் இரண்டுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தான். நான் அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சனிக்கிழமை, சீசன், தென்காசியிலிருந்தே வண்டிகள் ஒன்றன் வால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. பாதியில் இறங்கி நனைந்துகொண்டே நடந்தேன். எதிரில் எண்ணெய் வடியும் தலைகளோடு குடும்பங்கள் சிரித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு சிரிப்பும் என்மேல் இடித்துவிட்டுப் போனது.

அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரது, காது பழகின காதா இருக்கு. ஏலே, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?"

செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன். அடுக்களைத் தரையில் ஓர் அலுமினியச் சட்டி, சுவரோரம். ஓர் எவர்சில்வர் கும்பா, அதற்கு ஒரு முழம் தள்ளி. அடுப்பு மேடையில் ஒரு வட்டில். எல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தபடி.

"அத எடுத்துராத. கூரை ஒழுகுது" என்று பின்னாலேயே வந்தாள். "காலைல இருந்து சொட்டுச் சொட்டா விழுது. எங்கன விழுதுன்னுதான் பிடிபடல. நானும் மாத்தி மாத்தி வைக்கேன். கையவிட்டுப் பாத்தா ஒரு சட்டியிலயும் தண்ணி இல்ல."

ஓடுகளை அண்ணாந்து பார்த்தேன். போன கோடையில் மாற்றிய ஓடுகள். ஈரத்தின் கறை கூட இல்லை.

சொட்.

"இந்தா, கேட்டியா. அங்கனதான்."

பலகையில் போன் ஒருமுறை வெளிச்சமாகி அணைந்தது.

எடுத்துப் பார்த்தேன். முதலில் என் கண்ணில் பட்டது செய்தியல்ல, போனின் புது முகம். கடிகாரம் பெருத்து, எண்கள் உருண்டு திரண்டு இருந்தன. கட்டங்கள் எல்லாம் கண்ணாடியாகியிருந்தன. ஒன்றின் வழியாக இன்னொன்று மங்கலாகத் தெரிந்தது. தொட்டால் தண்ணீரில் மிதக்கிற இலைபோல அசைந்து கொடுத்தது. அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது தெரியாதபடி இழைத்திருந்தார்கள். ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்கிறவளின் கையில், ஓரமே இல்லாத ஒரு பொருள் வந்து உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் மகனின் செய்திகள் அடுக்கடுக்காக நின்றன.

"அக்கா, கூரை ஒழுகல" என்றேன். "போன் சத்தம் மாறிட்டு. இது அவன் அனுப்பின மெசேஜு."

"எது?"

"இந்தச் சொட்டு."

அவள் கையிலிருந்த கீரைக்காம்பை மெதுவாக மேடையில் வைத்தாள். "எல்லாமா?"

"எல்லாம்."

"வாசி லே."

நான் வாசித்தேன். அம்மா எந்திச்சிட்டியா. அம்மா எடு. அம்மா கோவமா இருக்கியா. மாத்திரை போட்டியா. சரி, வர வேண்டாம், நான் இனிமே கேக்க மாட்டேன், எடு. விழுந்து கெடந்தான்னு நான் சொல்லியிருக்கக்கூடாது. ஒரு தடவை எடுத்துட்டு வச்சிரும்மா, பேசக்கூட வேண்டாம். பிறகு வெறுமனே அம்மா. பிறகும் அம்மா. இடையில் அவன் என்னைக் கூப்பிட்ட நேரம் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை இன்னும் சின்னவை. கடைசியாக வந்தது, நாங்கள் கேட்ட அந்தத் துளி: கெளம்பிட்டேன்.

அக்கா குனிந்து சட்டியை எடுத்தாள். கும்பாவை எடுத்தாள். வட்டிலைத் துழாவி எடுத்தாள். காய்ந்த பாத்திரங்கள்தான். என்றாலும் ஒவ்வொன்றையும் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து உதறிவிட்டு வந்தாள்.

என் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டு அவள் காதில் வைத்தேன். அவன் பேருந்தில் இருந்தான். "ஒண்ணுமில்லய்யா. நான் நல்லாத்தான் இருக்கேன். இந்தச் சனியன்தான் எடுக்க மாட்டேங்குது. நான் ஏன்யா உன்னை வெட்டி விடுதேன்" என்றாள். அங்கிருந்து எனக்குக் கேட்டதெல்லாம் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் பேருந்தின் இரைச்சலும்தான். வளர்ந்த பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கியவன், பக்கத்து இருக்கைக்காரர் பார்க்க அழுதுகொண்டிருந்தான். அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கொல்லைப் பக்கம் திரும்பி நின்றாள்.

காலையில் அவன் வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றான். அக்கா இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தடவினாள். "என்னய்யா தாடி இப்படி முள்ளா குத்துது. சென்னையில பிளேடு கெடைக்காதோ" என்றாள். அவன் சிரித்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகத்தான் வந்தன.

சாப்பிட்டபிறகு பாடம் தொடங்கியது. வலப்பக்கம் தள்ளு, வலப்பக்கம். நான் கொல்லையில் போய் நின்று கூப்பிடுவேன். உள்ளே மணி அடிக்கும். அவள் மேலே இழுப்பாள். பிறகு தள்ளுவாள், இடப்பக்கம். "ஹலோ, சொல்லு லே" என்று வெட்டிப்போன போனில் உபசாரமாகப் பேசிக்கொண்டிருப்பாள்.

"அம்மா, மாமா லைன்ல இல்ல."

"இல்லன்னா என்ன, கொல்லையிலதான நிக்கான். சாரல்ல நனையாதேன்னு சொல்லுதேன்."

போன் பேசுகிற வசதியையும் போட்டுப் பார்த்தோம். தொட்ட இடத்தையெல்லாம் அது உரக்க வாசித்தது. "கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லுது. உங்க அப்பா மாதிரி" என்று நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் மருமகன் போனின் அமைப்புகளுக்குள் ஏதோ ஒரு மூலையில் ஒரு வழியைக் கண்டுபிடித்தான். தள்ளவே வேண்டாம், தொட்டால் போதும் என்று மாற்றிவைக்க முடிந்தது. போனின் முதுகில் ஒரு மூலையில், பச்சைப் பொத்தான் வருகிற இடத்துக்கு நேராக, ஒரு சின்ன ரப்பர் துண்டை ஒட்டினான். ஆள்காட்டி விரல் ரப்பரைத் தேடிக்கொள்ள, கட்டைவிரல் முன்பக்கம் தொட்டால் போதும். கூப்பிட்டேன், எடுத்தாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுத்தாள். சாலைவரை போய் நின்று கூப்பிட்டேன். "எடுத்துட்டேன் லே, வா, காப்பி ஆறுது" என்றாள். நான் கிட்டத்தட்ட ஓடிவந்தேன். இவ்வளவுதானா, ஒரு ரப்பர் துண்டா.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "சரிம்மா. நீ இங்கனயே இரு. நான் இனிமே சென்னைக்கு வான்னு உன்னைத் தொந்தரவு பண்ணல. காலைல மட்டும் எடு."

அக்கா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவது நிற்கவில்லை.

"பரண்ல பெட்டி இருக்கு, இறக்குய்யா" என்றாள். "அஞ்சாறு சேலை போதும். மாடிச்சாவிய மாமாட்ட கொடுத்திரு."

எனக்குக் கோபம் வந்தது. அவன் கொல்லைப் பக்கம் போனதும் அவளிடம் கேட்டேன். "எல்லாம் சரியாயிட்டே அக்கா. அவனே இருக்கச் சொல்லிட்டான். பின்ன எதுக்கு?"

"எனக்கு எடுக்கத் தெரிஞ்சிட்டு லே" என்றாள். "அவனுக்கு? இனிமே நான் கக்கூசுக்குப் போயிருந்தாலும் அவன் அங்கன நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காருவான். நேத்து முழுக்க எம்பிள்ள கெடந்து அழுதிருக்கான். நான் இங்கன நிம்மதியா சட்டி மாத்தி வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன், லே. ஒவ்வொண்ணையும் கேட்டிருக்கேன்."

தம்பி என்று ஒருவன் பக்கத்து ஊரில் எதற்கு இருக்கிறான்? என்னோடு வந்து இரு என்று சொன்னேன். "உன்னோட இருந்தா அவன் பயம் போயிருமா?" என்று கேட்டுவிட்டுக் காப்பியை என் கையில் கொடுத்தாள். அது ஆறிப்போயிருந்தது.

இரண்டு நாளில் கிளம்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் போன் அடித்தால் அவளே எடுத்தாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. யாரோ சாத்தூர்க்காரர் அறை கேட்டார். "இந்த வருசம் இல்லய்யா, ஊருக்குப் போறேன்" என்றாள். இத்தனை வருடம் ஊருக்குள்ளேயே இருந்துவிட்டு அவள் ஊருக்குப் போறேன் என்று சொன்னது என்னை என்னவோ செய்தது. எழுந்து சாலைக்கு வந்து, எதிரே வந்த ஏதோ ஒரு பேருந்தில் ஏறி, இலஞ்சி வரைக்கும் போய்விட்டுக் காரணமில்லாமல் திரும்பி வந்தேன்.

தென்காசி ரயில் நிலையத்தில் சாயங்கால வண்டிக்கு நல்ல கூட்டம். குளித்துத் திரும்புகிறவர்கள். ஈரத்துண்டுகள், நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலங்கள், மங்குஸ்தான் பைகள். மேற்கே மலை மேகத்துக்குள் போயிருந்தது. மருமகன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்தான். அக்கா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். மதுரைக்கு அந்தப் பக்கம் அவள் போய்ப் பல வருடமாகியிருந்தது. வண்டியின் இருக்கையை, ஜன்னல் கம்பியை, மேலே உள்ள கொக்கியை எல்லாம் கையால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டைக் கூட்டி வைக்கிறேன் என்றேன். கீரை முற்றிவிட்டால் ஒடித்துக்கொள் என்றாள். மருமகன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். என் கையிலிருந்த போனும் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, நிறுவலாமா, நிறுவலாமா என்று. பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர்கள் கிளம்பிப் போனபிறகும் சில நாள் தள்ளினேன். ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் என்னைக் கேட்காமலே ஏறியிருந்தது. கடிகாரம் பெருத்து, எல்லாம் கண்ணாடியாகி. கொஞ்ச நாளில் எனக்கு அது பழகியும்விட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு மருமகன் பாட்டிலோடு ஓடிவந்து ஏறினான். வண்டி ஒருமுறை குலுங்கிற்று. நான் கூடவே நடந்தேன்.

"நீ போய்ச் சேந்ததும் கூப்பிடுதேன் அக்கா. காலைல கூப்பிடுதேன்" என்றேன்.

"நீ கூப்பிடாத லே" என்றாள். முகம் வெளியே பார்த்திருந்தது, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. "நீயும் எதுக்கு இந்தப் பயத்தப் பழகிக்கிடணும். நானே கூப்பிடுதேன். கூப்பிடலன்னா, நல்லா இருக்கேன்னு நெனச்சுக்கோ."